ஒரு விரல் இடைவெளி

நார்த்டேலில், தம்பி தேவராசுவின் கொல்லையில்
நிற்கிறது என் கேரவன்.
சக்கரம் இருக்கிறது, போக இடமில்லை.
என்னைவிடப் பதினேழு வயது இளையது,
ஆனால் எனக்கு முன்னமே மூட்டு விட்டுப்போனது.

ஜூலை மாதக் குளிர்.
முன்பணம் போட்டு வாங்கிய மின்சாரம்
மீட்டரில் எண் எண்ணாய் இறங்குகிறது.
இருபது ராண்டை
ராவில் பாதி தாண்டுமுன் குடித்துவிட்டு
இன்னும் என்கிறது ஹீட்டர்.
அது சுடவைப்பது என்னையல்ல,
மேரிட்ஸ்பர்க் வானத்தை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி
மிஞ்சிய ஊதுவத்தியை எடுத்தேன்.
சாமிக்குக் காட்டிய கையோடு
சன்னலுக்குக் காட்டினேன், கதவுக்கு,
கூரைத் திறப்புக்கு,
தொட்டிக் குழாய் நுழையும் ஓட்டைக்கு.
புகை நேராய் நின்றால் பிழைத்தோம்.
சாய்ந்தால் அங்கே திருடன்.
பதினான்கு இடத்தில் சாய்ந்தது.
ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு சுழி,
புதுக் கணக்கு தொடங்குவதுபோல.

கடைக்காரன் சொன்ன விலைக்கு
இன்னொரு கேரவனே வாங்கலாம்.
முப்பது வருஷம் செருப்பாலையில்
உள்ளட்டை வெட்டியவள் நான்.
ஆலை மூடிய நாளில்
சம்பள பாக்கிக்குப் பதில் தந்த
இரண்டு மூட்டை ஸ்பாஞ்சு
கட்டிலுக்கடியில் கிடந்தது:
பெண்கள் அளவு ஐந்து, இடது கால் மட்டும்.
கதவு விளிம்பு, கூரை விளிம்பு எல்லாம்
இடது காலாய் ஒட்டினேன்.

சன்னலுக்குக் குமிழ்த்தாள்,
எதிர்வீட்டு தோகோ ஃப்ரிட்ஜ் வாங்கியபோது வந்தது.
தண்ணீர் தடவி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.
தரைக்கு அட்டைப்பெட்டி, மேலே பழைய கம்பளம்.
பருப்பை நன்றாய்க் கொதிக்கவிட்டு இறக்கி
போர்வை சுற்றிய பெட்டிக்குள் மூடினேன்.
வாய் திறக்காத கோபம் வேகுமே,
அப்படி வெந்தது, அடுப்பில்லாமல்.

அந்த வாரம் மீட்டர் பாதி வேகத்தில் இறங்கியது.
தேவராசு வந்து
"கெட்டுப்போச்சா அக்கா?" என்று
ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

பத்தாம் நாள் காலை
சுவரெல்லாம் வியர்த்திருந்தது.
தலையணை ஓரம் கறுப்புப் புள்ளிகள்.
என் மூச்சு, என் குளியல்,
என் தேநீரின் ஆவி,
போக வழியில்லாமல்
தகரத்தில் துளித்துளியாய் நின்றன.
இவ்வளவு ஈரமா நான்?

கூரைத் திறப்பிலிருந்து
ஒரு இடது காலைப் பிய்த்தேன்.
ஒரு விரல் இடைவெளி.
மறுபடி ஊதுவத்தி.
புகை தயங்கியது, வளைந்தது,
பிறகு அந்த வழியே கிளம்பிப் போனது.

அங்கிருந்த சுழியை
ஈரத் துணியால் துடைத்தேன்.
மீட்டரில் ஆறு யூனிட் மிச்சம்.
வெள்ளிவரை வரும்.