பதினைந்து நிமிடப் பயிற்சி

இரவு ஒன்றே கால். கேலாங், இருபத்தேழாம் லோரோங்.
டுரியான் கடைக்காரர் முள்தோலைச் சாக்கில் திணித்துக்கொண்டிருக்கிறார்.
ஆறு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து
பாதிச் சாலையை எங்களுடையதாக்கிக்கொண்டோம்.
புதிதாக வந்தவருக்கு இயந்திரத்தை விளக்க வேண்டும்.
கையேடு ஆங்கிலத்தில். ஆகவே நான்.

பெயர் அமலதாஸ், திண்டிவனம் பக்கம்.
கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
தேர்வறை வாசலில் நிற்பவர் போல நிற்கிறார்.

ரோபோ என்றால், என்று தொடங்கி நிறுத்தினேன்.
தொடக்கப்பள்ளியில் 'இயந்திர மனிதன்' என்று எழுதி
நட்சத்திர ஒட்டி வாங்கியவள் நான்.
வேன் கதவைத் திறந்து காட்டினேன்:
சப்பாத்துப் பெட்டி அளவு உடம்பு, ஆறு சக்கரம்,
கழுத்தே இல்லாமல் ஒரு கண்,
கண்ணைச் சுற்றி எட்டுச் சிறுவிளக்கு,
வாலாக இருநூறு மீட்டர் கேபிள்.
மனிதன் எங்கே, என்றார்.
இதில் மனிதன் இல்லை, அதுதான் இதன் பயன்
என்றேன், சற்று அவசரமாக.

உணரும், கணக்குப் போடும், நகரும்.
அவ்வளவுதான் அண்ணா.
குழாய் எவ்வளவு சரிகிறது என்று உணரும்.
எந்தச் சக்கரத்துக்கு எத்தனை விசை என்று கணக்கு.
விரிசல் கண்டால் திரையில் சிவப்புக் கட்டம் போடும்,
சிலசமயம் கரப்பான்பூச்சிக்கும் போடும்.
அதை அழிக்கத்தான் நமக்குச் சம்பளம்.
இதன் பங்காளிகள் ஊர் முழுக்க உண்டு.
விமான நிலையத்தில் தரை துடைக்கிறவன்,
மருத்துவமனையில் தானே மின்தூக்கி பிடித்து
ஏழாம் மாடிக்கு மாத்திரை கொண்டுபோகிறவன்,
காப்பிக்கடையில் எச்சில் தட்டு சுமந்து
வழிவிடுங்கள் என்று நான்கு மொழியில் கெஞ்சுகிறவன்.
அவர்களெல்லாம் வெள்ளைச் சட்டைக்காரர்கள்.
இது நம்ம ஆள்.

மூடியை நெம்பினோம்.
வாயுமானி கீச்சிட்டது: ஹைட்ரஜன் சல்பைடு, அறுபது.
யாரும் இறங்கப் போவதில்லை, ஆனாலும் குறித்துவைப்பது விதி.
கப்பியில் மெல்ல இறக்கினோம்.
திரையில் வட்டமாய் இருட்டு, அடியில் பழுப்பு நீர்,
மூலையில் மீட்டர் எண்.
நான்கு. ஒன்பது. பதினான்கரை.
உணவகங்களின் கொழுப்பு கல்லாய் இறுகிய இடத்தில்
சக்கரம் வெறுமனே சுழன்றது.
பின்வாங்கி, ஒருக்களித்து,
குழாயின் விலாவில் ஏறிக் கடந்தது.
பார்த்தீர்களா, என்று திரும்பினேன்.
அமலதாஸ் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்,
கன்னம் உப்பி, கண் திரையில்.

விடுங்க அண்ணா. அதுக்கு மூக்கு கிடையாது.

விட்டார்.
முப்பதாவது மீட்டரில் கேட்டார், இது என்ன விலை?
லட்சத்துச் சொச்சம், வெள்ளியில்.
உதடு அசைய ரூபாய்க்குப் பெருக்கினார்.
பாதியில் நிறுத்திவிட்டார்.
எங்க மாமா ஐந்நூறுக்கு இறங்கினாரு, என்றார்.
அவருக்கும் கயிறு கட்டித்தான் இருந்தாங்க.
பிறகு டுரியான் கடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடை சாத்தியாகிவிட்டது.

கையேட்டில் அடுத்தது பராமரிப்பு.
நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

மூன்று மணிக்கு அது மேலே வந்தது,
ஈரமும் நாற்றமுமாக, பிளாஸ்டிக் பை ஒன்று அச்சில் சுற்றி.
தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்.
கண்ணைத் துடைக்க மென்துணி தனியாக இருக்கிறது,
நான் எடுத்து வருவதற்குள்
தன் சட்டையின் உள்பக்கத்தால் துடைத்திருந்தார்.

அறிக்கைப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
குழிக்குள் இறங்கியோர் எண்ணிக்கை.
இதை நான் எழுதட்டுமா, என்றார்.
பூஜ்யம் போட்டார்.
அதன் மேலேயே இன்னொரு முறை, அழுத்தி.

லாரி வந்தது.
கூம்புகளை எண்ணி ஏற்றினோம்.
ஐந்துதான் இருந்தன.