கல்லடிப் பாலம், லினோ அச்சில்

சனிக்கிழமை, இரண்டரை மணித்தியாலம்,
டவுனில் ஒரு டியூஷன் கொட்டில்.
ஆயிரத்தைந்நூறு ரூபாய், தேத்தண்ணி உட்பட.

பல் கிளினிக் ஃபர்ஸானா நண்டு செதுக்கினா.
மீற்றர் வாசிக்கும் குணநாயகம்
முதல் வெட்டிலேயே பிளாஸ்டர் கேட்டார்.
நான் பாலத்தை எடுத்தேன்:
வலப்பக்கம் கடலும் என் வீடும்,
இடப்பக்கம் நான் காசெண்ணும் வங்கி.

மை உருட்டி, தாள் வைத்து,
கரண்டி முதுகால் தேய்த்து
உரித்தேன்.
வங்கி கடற்கரைக்குப் போயிருந்தது.

"மறுவளமாய்ச் செதுக்கவேணும் எண்டு
முதலே சொன்னனான்" என்றா தர்மினி.
சொன்னாதான்.
நான் அப்போது
கத்தி லினோவுக்குள் இறங்கும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் பாலத்தில் ஏற
இரண்டு யன்னலிலும் வாவி.
நடத்துநர் என் நீல விரலைப் பார்த்து
"எலக்சன் எப்ப நடந்தது?" என்று சிரித்தார்.
பிறகு,
"எங்க இறக்கம்?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்.