சமபாகம்

கிள்ளைக்குக் கிழக்கே, இறால் குட்டைகளுக்கு நடுவே
ஒற்றை வண்டி மட்டும் போகும் கரை.
ஐப்பசி, மூன்றாம் நாள் மழை, நடுச்சாமம்.
பின்னால் ஜெனரேட்டர், இரண்டு கேன் டீசல்.
குட்டையில் காற்றாடி நின்று நாற்பது நிமிஷம்.
"மேலே வந்து வாய் பிளக்க ஆரம்பிச்சிருக்கும்"
என்கிறாள் புஷ்பகாந்தி.

அப்போதுதான் ஜீப் நின்றது.
நின்றது என்றால்,
ஓடிக்கொண்டே நின்றது.

முன் இடது சக்கரம், கரை அரிந்த இடத்தில் அந்தரத்தில்.
பின் வலது, களிமண்ணில் வழுக்கி வழுக்கித்
தனக்கே குழி தோண்டுகிறது.
மற்ற இரண்டும் கெட்டி மண்ணில் ஊன்றி
அசையவில்லை.
நாலு சக்கர இழுவை என்று பின்கதவில் எழுதியிருக்கிறது.
அந்த எழுத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி இருக்குமே,
அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்கு ஒரே சட்டம்.
பரங்கிப்பேட்டை முக்கில் திரும்பும்போது
வெளிச்சக்கரம் கூட ஓடட்டும், உள்சக்கரம் குறைய ஓடட்டும்,
முறுக்கு மட்டும் இருவருக்கும் சமம்.
அந்த நியாயத்தில்தான்
இத்தனை வருஷம் டயர் தேயாமல் வந்தேன்.
இங்கே
காற்றைச் சுற்றுகிறவனுக்கு என்ன பலம் வேண்டும்?
ஒன்றுமில்லை.
அதே ஒன்றுமில்லையை
மண்ணில் ஊன்றியவனுக்கும் அளந்து கொடுக்கிறது.

மிதிக்க மிதிக்க மீட்டர் முள் மட்டும் ஏறியது.

நைட்டி மேல் போட்ட சட்டையோடு இறங்கினாள்.
முன் பம்பரின் இடது மூலையில்,
பள்ளத்துக்கு மேலே, ஏறி நின்றாள்.
"எழுபத்திரண்டு கிலோ. போதுமா?"

முதல் கியர். வலது கால் ஆக்சிலேட்டரில்.
இடது காலால் பிரேக்கைத் தொட்டேன்,
சோறு வெந்ததா என்று
ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கும் அளவுக்கு.
சும்மா சுற்றியவன் திணறினான்.
அவன் திணறிய அளவு
இவனுக்கும் வந்தது பங்கு.
ஒரு முனகல். ஒரு சாண்.
பிறகு ஒரு முழம்.

ஜெனரேட்டர் பிடித்தபோது மணி மூன்று பத்து.
ஓரத்தில் வெள்ளையாய் ஒதுங்கியதை அவள் எண்ணவில்லை.
நான் கூடையில் அள்ளினேன்.

விடிந்து, காய்ந்த தார் ரோடு.
முக்கில் ஒடித்தால் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கிறது,
வண்டி நொண்டி நொண்டிக் குதிக்கிறது.
மறந்தே போனேன்,
முன்னும் பின்னும் இன்னும் ஒன்றாய்ப் பூட்டியே கிடக்கிறது.
இரண்டடி பின்னால் எடுத்தேன்.
டக்கென்று லிவர் கழன்றது.

"என்ன உடைஞ்சது?" என்று விழித்தாள்.



ஒன்றுமில்லை என்றேன்.