மூன்று வயது அரபி

நான் பேசும் அரபிக்கு மூன்று வயது.
எனக்கு முப்பத்தெட்டு.

ஜஹ்ராவில் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது
தாரிக்குப் பால்பல் நாலு.
அவனோடு சேர்ந்துதான் படித்தேன்
குளியலறைத் தரையில்,
சோறு இறைந்த கம்பளத்தில்,
அவன் தூங்க மறுத்த இரவுகளில்.
தண்ணீருக்கு உம்பு.
அழுக்கென்றால் கிக்.
விழுந்தால், சுட்டால், ரத்தம் வந்தால்
எல்லாவற்றுக்கும் வாவா.
அவன் முதலில் சொல்வான், நான் பின்னால்.
சில நாள் நான் முந்திக்கொள்வேன்.
கைதட்டியது அவனுக்கு மட்டும்.

மேடத்தை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டேன்.
ஆணுக்கொரு வா, பெண்ணுக்கொரு வா
இருக்கிறதாம் இந்த மொழியில்.
எனக்குத் தெரிந்தது அவனைக் கூப்பிடும் வா.
கூடம் நிறைய விருந்தாளிகள் இருக்க
மேடத்தைப் பார்த்து
'வாடா' என்றிருக்கிறேன்.
சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்மை கரைந்தது.
நானும் சிரித்தேன்.
எதற்கென்று மறுநாள் டிரைவர் சொன்னான்.

எண்ணெய் கொட்டி முழங்கைவரை வெந்தபோது
கிளினிக்கில் டாக்டர் கேட்டார், என்னவென்று.
வாவா.
நர்ஸ் என் கன்னத்தைத் தட்டினாள்.
கட்டுப்போட்டு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.
சப்பிக்கொண்டே கார்வரை வந்தேன்.
வலி குறைந்த மாதிரி இருந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

மூன்று வயதுக்குச் சம்பளம் என்ற சொல் எதற்கு?
போன மாதம் என்பதே அதற்குத் தெரியாது.
இப்போது. இன்னும். வேண்டாம்.
இவ்வளவுதான்.
நாலு மாதம் பணம் வரவில்லை.
சொல் இல்லாததால் கோபமும் முழுசாய் வரவில்லை,
மூக்கு நுனிவரை வந்து
நின்றுபோன தும்மல்போல.

ப்ளஸ் ஒன் படிக்கும் மகளிடம் போனில்
பல் தேச்சியாடா செல்லம் என்று கேட்டிருக்கிறேன்.
அம்மா, எனக்குப் பதினாறு, என்றாள்.
அன்றிரவு படுத்துக்கொண்டு
பெரிய வார்த்தைகளாய் எண்ணிப் பார்த்தேன்:
அசல். வட்டி. பத்திரம். பொறுப்பு. சம்மதம்.
இருட்டில் நகையைத் தடவிப் பார்ப்பதுபோல.

ஒன்பதரைக்குக் குப்பை போடப் போவோம்.
தெருமுனைத் தொட்டியடியில் மூன்று பேர்.
கடப்பை ஓபுலம்மா
படுத்த படுக்கையான கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள்.
அவளுடைய அரபி முனகும்,
இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்,
ஒவ்வொரு வாக்கியத்தையும் இறைவனிடம் ஒப்படைக்கும்.
எத்தியோப்பியாவின் செஹாய் ஒருமுறை ஓடிப் பிடிபட்டவள்.
போலீஸ் ஸ்டேஷனில் பதினோரு நாள் படித்த அரபி அது.
கேள்வியாகவே நிற்கும்.
மூன்று பேரும் பேசினால்
ஒரே மொழியென்று யாரும் நம்பமாட்டார்கள்.

செஹாய்தான் கொடுத்தாள்,
பை விழுவதற்கும் கேட் சாத்துவதற்கும் நடுவே:
மஆஷ், சம்பளம்.
மித்தா, எப்போது.
ஹக்கி.
என்னுடையதா, உரிமையா, எது என்று கேட்டேன்.
இரண்டும் ஒன்றுதானே, என்றாள்,
என்னை ஒரு மாதிரி பார்த்து.

தாரியைக் குளிப்பாட்டும்போது சொல்லிப் பார்த்தேன்.
பால் ஆற்றும்போது, படிக்கட்டு துடைக்கும்போது.
உதடு மட்டும் அசையும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம்.
அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள்,
நடுவே ஆட்டுக்கறிச் சோறு.
வாயெல்லாம் பருக்கையோடு
தாரி அப்பாவைப் பார்த்துக் கரண்டியால் தட்டினான்.
மித்தா மஆஷ்?
என் நாக்கு அப்படியே, செஹாயின் இழுப்போடு.
மித்தா மஆஷ்?

இந்தச் சொல்லுக்கு யாரும் கைதட்டவில்லை.
யார் சொல்லிக்கொடுத்தது என்றார் மேடம்,
அவனிடம் அல்ல.

தண்ணீர் ஜக்கு என் கையில்.
உம்பு என்று நீட்டலாம்.
சிரிப்பார்கள்.
மிட்டாய்கூடக் கிடைக்கும்.

ஜக்கைக் கீழே வைத்தேன்.