நான்காயிரத்து நூற்றுப் பதினேழு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பாளையங்கோட்டைக் கோட்டையைச் சுற்றி வருகிறேன்.
சம்பளத்துக்குத்தான்.
மின்வாரியத்தில் கணக்கெடுக்கிற வேலை.

மேலவாசலில் வாசல் இல்லை.
பஸ் நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள்,
இல்லாத கதவில் இடித்துக்கொள்ளாமல்
ஒருக்களித்து நுழைகிறது ஓர் ஆட்டோ.
கோட்டை எங்கே என்று கேட்டால்
மேடைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கை நீட்டுவார்கள்.
மிச்சம் எங்கே என்று எனக்குத் தெரியும்.
மீட்டர் பெட்டி மாட்டப் போய்
டிரில்லிங் பிட் முறிந்த வீடுகளின் பட்டியல்
எங்கள் ஆபீஸில் இருக்கிறது.

பேராச்சி வீடு அதில் மூன்றாவது.
அடுக்களையின் பின்சுவர் மட்டும்
மற்ற மூன்றோடும் ஒட்டாமல்
வேறு காரியமாக வந்தவர் போல நிற்கும்.
ரெண்டு முழக் கனம்.
"ஆணி எறங்காதுக்கா,
காலண்டரக் கயித்துல கட்டித்தான் தொங்க விட்டுருக்கேன்.
ஐப்பசில வேர்த்து ஊத்தும்.
சித்திர வெயிலுக்குப் புள்ளய இதுல ஒட்டிப் போட்டா
சத்தங் காட்டாம ஒறங்கும்."
வீட்டுக்காரர் இந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான்
வாடகை வாங்குகிறார்.

சுவரில் ஒரு துளை.
உள்பக்கம் அகலம், போகப் போகக் குறுகல்.
துப்பாக்கிக்கு விட்டதாம்.
இப்போது கேபிள் வயர் போகிறது.
ஒருநாள் வயரை ஒதுக்கிவிட்டுக் கண்ணை வைத்தேன்.
அடுத்த வீட்டுக் குளியலறைத் தகரம்,
ஒரு பச்சை வாளி,
கொடியில் ஆறாம் வகுப்பு யூனிபார்ம்.
பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது.
இங்கே நின்றவன் என்னைவிடக் குட்டை
அல்லது
தரை ஏறியிருக்கிறது.

ஜெபசீலியின் மகன் வேல்ஸில் நர்ஸ்.
லீவு நாளில் ரோமப் படையின் கோட்டை பார்க்கப் போய்
போட்டோ அனுப்பியிருந்தான்.
மத்தியானச் சாப்பாட்டில்
ஊறுகாய் படாமல் செல்லைக் கைமாற்றிப் பார்த்தோம்.
முழங்கால் உயரத்துக்கு அறைகள், வரிசையாக,
எட்டுப் பேருக்கு ஒன்று.
இடிந்ததன் ஓரத்தில்கூடப் புல்லைச் சீராக வெட்டியிருந்தார்கள்.
அடுப்பு இருந்த இடத்துக்குப் பலகை,
கக்கூஸ் இருந்த இடத்துக்குப் பலகை.
நடுவில் அவன், மழைக்கோட்டோடு,
பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு.

"ஒரு ஆளு குடியில்லயே அங்கன" என்றாள் ஜெபசீலி.
கோட்டையைச் சொன்னாளா,
பையன் இருக்கிற ஊரையே சொன்னாளா,
நான் கேட்கவில்லை.
ரசத்தை என் பக்கம் தள்ளினாள்.

எட்டுப் பேர் ஓர் அறையில்.
யாராவது ஒருவன் உப்புக்குச் சண்டை போட்டிருப்பான்.
ஒருவன் குறட்டை விட்டிருப்பான்.
பேராச்சி வீட்டில் எண்ணினேன்,
நாத்தனார் பிள்ளைகளோடு ஏழு.
பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம்.
இறங்கியவர்கள் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள்,
எந்த வழியாக என்று பேராச்சிக்கு அக்கறை இல்லை.
அவளுக்கு இந்த மாத யூனிட் எவ்வளவு என்று தெரிய வேண்டும்,
நானூறு தாண்டிவிட்டதா.
தாண்டவில்லை, பதினொன்று குறைவு.
முகம் கழுவினதுபோல ஆனாள்.
வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாகக் கொத்தளம்.
அதன் அடியில் எந்த இலாகாவுடையதென்று
யாருக்கும் நினைவில்லாத ஓர் அறை.
பூட்டு துருவில் ஒட்டிப்போனது.
மீட்டர் வெளியே இருப்பதால் எனக்குப் பிரச்சினையில்லை.
மூன்று வருடமாக ஒரே எண்:
நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.
பார்க்காமலே எழுதிவிடலாம். ஆனாலும் பார்ப்பேன்.

இந்த முறை பதினேழு.

ஒரு யூனிட் என்றால்
நாற்பது வாட் பல்பு ஒரு பகலும் ஓர் இரவும் எரிந்து
அதற்குமேல் ஒரு மணி நேரம்.
பூட்டைத் தொட்டேன், துரு கையில் வந்தது.
கதவுச் சந்தில் பார்த்தேன், புறா எச்சம், இருட்டு.
மேலே ஆலங்கன்று கல்லுக்குள் வேர் விட்டுக்கொண்டிருந்தது.

கசிவாக இருக்கும். ஈரம் ஏறியிருக்கும்.
அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுத முடியும்.

பதினேழு என்று பதிந்துவிட்டு
மணி பார்த்தேன்.
அடுத்த தெருவில் இன்னும் இருபது வீடு.