ஏழேகால்

ஏழேகாலுக்கு அறும்.
ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு இணையம்
கோயில் மணி பிந்தினாலும் தான் பிந்தாமல்
ஏழேகாலுக்கு அறும்.

முதலில் கோபுரத்தைக் குற்றம் சொன்னோம்.
பிறகு யானையை:
கற்சிலைமடுப் பக்கம் கம்பம் ஒன்றைச் சரித்ததாம்.
பிறகு, பெயர் சொல்லாமல்,
பக்கத்துக் காணிக்காரரின் பெடியனை.
கடவுச்சொல்லை எப்படியோ எடுத்துவிட்டான் என்று
மூன்று நாள் அவர்களோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

பெட்டியை யன்னலில் வைத்தேன்.
அலுமாரிக்கு மேலே வைத்தேன்.
வயர் இழுத்து வேம்பில் கட்டிய அன்று
குரங்கு ஒரு அன்ரெனாவை முறித்துக்கொண்டு போனது.
மற்றது போதும் என்றார் சுகிர்தன்.
எல்லாவற்றுக்கும் அவர் அப்படித்தான்.

ஒரு படிவத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கொழும்பில் ஏதோ காப்புறுதிக் கொம்பனி.
யாரோ மோதிய கார், யாருக்கோ முறிந்த கால்,
கட்டம் கட்டமாய் நிரப்பி அனுப்பவேண்டும்.
இடையில் அறுந்தால் முழுதும் அழியும்.
ஒரே காலை ஒரே இரவில்
நான்கு தரம் முறித்திருக்கிறேன்.

தமிழுக்கு இரண்டு.
இணையப் பிரச்சினைக்கு நான்கு.
காத்திருக்கப் புல்லாங்குழல்.
பதினேழு நிமிடம் கழித்து றிஸ்னா வந்தாள்.
'நிப்பாட்டிப் போட்டுப் பாத்தீங்களா அக்கா?'
பார்த்தேன்.
'முப்பது செக்கன் விட்டா?'
ஓம் என்று பொய் சொன்னேன்.

பிறகு கேட்டாள்:
'ஏழேகாலுக்கு வீட்டில என்ன நடக்கும்?'

கோழிக்கூடு சாத்துவேன்.
வெளி லைற் போடுவேன்.
அவர் மில்லால் வந்து குளித்துவிட்டு
உள்ளறையில் ரீவி சுவிச்சைப் போடுவார்.
'ரீவிக்குப் பின்னால என்ன இருக்கு அக்கா?'

பேர்ணிலிருந்து மச்சாள் அனுப்பிய வெள்ளைப் பெட்டி.
அதே சுவிச்சில், பச்சைக் கண்ணோடு,
மஞ்சள் வயரால் என் பெட்டியோடு கோத்தபடி.
மாசியில் பூட்டினாராம்.
சிக்னல் கூடும் என்று மில்லில் யாரோ சொன்னார்களாம்.

றிஸ்னா சிரிக்கவில்லை.
'ரெண்டும் நான்தான் வாசல் எண்டு சொல்லுது அக்கா.
ரெண்டுக்கும் ஒரே இலக்கம்.
வாற ஆளுக்கெல்லாம் ரெண்டும் முகவரி எழுதிக் குடுக்குது.'

மேலும் விளக்கத் தொடங்கினாள்.
தேவைப்படவில்லை.
எங்கள் காணிக்கும் இரண்டு பெமிற் இருக்கிறது,
இரண்டிலும் முத்திரை.
மற்றதை வைத்திருப்பவர் நெடுங்கேணியில்.
பொங்கலுக்குப் பொங்கல் வந்து
வேலிக்கட்டைகளை எண்ணிவிட்டுப் போவார்.

முகவரியைப் பெட்டி குத்தகைக்குத்தான் கொடுக்குமாம்.
ஒரு நாள். முடிந்தால் திரும்பக் கேட்கவேண்டும்.
ஒரு வருடத்தில் ஒன்பது முகவரியில் இருந்தவள் நான்.
கடைசியாக இருந்தது வெறும் கூடார இலக்கம்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
நிமிடத்துக்குக் காசு.

மஞ்சள் வயரைக் கழற்றினேன்.
காதுத்தோட்டைக் கழற்றி
தண்டால் அந்தச் சின்னத் துளையை அழுத்தினேன்.
பத்து வரை எண்ணச் சொன்னாள்.
சத்தத்துக்குப் பிறகு எண்ணிப் பழகியவள்,
பிழை விடமாட்டேன்.

பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
பக்கம் ஜெர்மன் மொழியில் திறந்தது.
எழுத்தெழுத்தாய் நான் வாசிக்க
எங்கோ ஒரு திரையில் அதே படத்தைப் பார்த்து
'அதுக்குக் கீழ, இல்ல, அதுக்கும் கீழ' என்றாள்.
முகவரி கொடுக்கும் அதிகாரத்துக்குப் பக்கத்தில்
ஒரு சின்னச் சரி.
எடுத்துவிட்டேன்.
கடைசி ஒன்றை இரண்டாக்கினேன்.
இனி அது வாசல் இல்லை.
வாறதை வாங்கி அப்பால் கொடுக்கும்.

அன்று ஏழேகாலுக்கு அவர் சுவிச்சைப் போட்டார்.
பச்சைக் கண் இரண்டும் எரிந்தன.
மாங்குளத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தது,
ஒரே ஒரு தரம்.
அனுப்பினேன்.

அடுத்த நாள் முருங்கைக்காய் கொண்டு
பக்கத்து வீட்டுக்குப் போனேன்.
ஏன் வந்தேன் என்று சொல்லவில்லை.
பெடியன் போனிலிருந்து தலையெடுக்காமல் கேட்டான்:
'அன்ரி, உங்கட வைஃபை
நேற்று ஏழேகாலுக்கு நிக்கேல்லை, என்ன?'