அரை மாத்திரை

பதினோராம் மாதம் தொடங்கியது.
கொட்டாஞ்சேனை அச்சகத்தில் மெஷினை நிறுத்திய பிறகும்
ஏதோ ஒன்று நிற்கவில்லை.
சுவிட்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
"எல்லாம் ஓஃப் அண்ணே" என்றான் நிரோஷன்.

ஈ.
பறக்கிற ஈயில்லை. எழுத்து.
மெய் ஒன்று வந்து முடித்துவைக்காத நெடில்.

முதலில் குறும்பி என்றார்கள், எண்ணெய் விட்டேன்.
பிறகு பிரஷர், உப்பைக் குறைத்தேன்.
பிறகு இரவில் ஒரு மாத்திரை.
தூக்கம் வந்தது. அதுவும் கூடவே வந்து படுத்தது.

பம்பலப்பிட்டியில், பல் வைத்தியருக்கு மேல் மாடியில்
ஒரு கண்ணாடிப் பெட்டி. கதவை மூடினால் கொழும்பு இல்லை.
இத்தனை தனிமையில் நானும் அதுவும்
இருந்ததே கிடையாது.

"சத்தம் கேட்டா பட்டனை அமத்துங்க"
என்றாள் தினுஷி மிஸ், கவனமான தமிழில்.
அமத்தினேன்.
அமத்தினேன்.
கண்ணாடிக்கு அப்பால் தலை நிமிர்ந்தது:
"நான் இன்னும் ஒண்டும் அனுப்ப இல்ல அங்கிள்."

தாளில் கோடு இழுத்துக் காட்டினாள்.
வலப்பக்கம் போகப் போக
பாலத்திலிருந்து இறங்கும் லொறியாய் அது சரிந்தது.
மேல் சத்தங்கள் போய்விட்டன;
போன இடத்தை மூளையே இட்டு நிரப்புகிறதாம்.
சம்பளமில்லாத ஓவர்டைம்.

மெஷின் போட்டாலும் நிற்காது என்று முதலிலேயே சொன்னாள்.
அது எனக்குப் பிடித்தது.
வெளியே கூட்டினால் உள்ளே சிறுக்கலாம்,
சிலருக்கு.
சோடி மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
"ஒண்டு மட்டும் எடுத்தா?"
சப்பாத்துக் கடையில் கேட்டதுபோல் எனக்கே சிரிப்பு வந்தது.
பத்து நாள் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.
கையெழுத்து வைத்தேன்.

படியிறங்கியதும் காலி வீதியை
வாளியோடு என் தலையில் கவிழ்த்தார்கள்.
"பிட்டகொட்டுவ பிட்டகொட்டுவ" என்று நூறாம் நம்பர் பஸ்.
என் செருப்பு இத்தனை நாளும்
என்னிடம் முறைப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.
ஒரு பொலித்தீன் பைக்கு இவ்வளவு வாயா?
மிச்சக் காசு கேட்ட என் குரல்
பேணிக்குள்ளிருந்து வேறு யாரோ.

கொள்ளுப்பிட்டியில் மழை. பஸ் கூரையில்
ஒவ்வொரு துளியும் தனித்தனியாக இறங்கியது.
கொச்சிக்கடை தாண்டும்போதுதான் நினைத்தேன்:
ஈ எங்கே?
தேடினேன்.
தேடியதும் வந்தது.
தேடியிருக்கக் கூடாது.

குசினியில் எமில்டாவின் முதுகைப் பார்த்து
கறன்ட் பில்லைப் பற்றிச் சொன்னேன்,
நிரோஷன் மூன்று நாள் லீவு கேட்பதைச் சொன்னேன்,
காதைப் பற்றிச் சொல்லவில்லை.
"ம்."
யாரென்று திரும்பினேன்.
வெங்காயம் வெட்டிக்கொண்டே, இன்னொரு முறை,
"ம்."

இரண்டு வருடமாக இவள் என்னோடு பேசுவதில்லை என்று
லிகோரி அண்ணனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.
பதில் இல்லாத இடத்தில் என்ன பேச்சென்று
நானும் குறைத்துக்கொண்டேன்.

மை மெலிந்தால் முதலில் விழுவது மெய்யின் புள்ளிதான்.
கல்யாணக் கார்டோ மரண அறிவித்தலோ
தாளை வெளிச்சத்தில் பிடித்து அதைத்தான் தேடுவேன்.
அதற்கென்று சம்பளமும் வாங்குகிறேன்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
பள்ளிக்கூடத்தில் படித்ததில் இது ஒன்றுதான் மிச்சம்.
அவ்வளவு நேரம்
அது நின்றிருந்தது.

இரவு கணக்குப் போட்டேன்.
சீட்டு விழ இன்னும் நாலு மாதம்.
மோதிரத்தை வைத்தால் பாதி வரும்; வட்டி யார் கட்டுவது?
ஒற்றைக் காதுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறு.
அவள் படுப்பது இடப்பக்கம்.

இரண்டையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.
ஈ வந்து தன் கதிரையில் உட்கார்ந்தது.
"எமில்டா, இடது மட்டும் வாங்குவமா?"

சொன்னாளா, இல்லையா.
இருட்டில் கையை நீட்டி
மேசையில் பெட்டியைத் தடவுகிறேன்.